சட்டை, சாக்ஸ், பிரஷ்: ஏழு வயதுச் சிறுமியின் காலை நேரம் பற்றிய நிகழ்வு ஆய்வு

அன்றாட வேலைகளைச் செய்யப் பழக்கும் சிகிச்சையான ஆக்குபேஷனல் தெரபியில் (ஓ.டி.), குழந்தைகள் பிரிவில் நான் பார்த்த ஒரு குடும்பத்தைப் பற்றிய பதிவு இது. பெற்றோரின் ஒப்புதலோடு எழுதுகிறேன். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களில் சிலவற்றை மாற்றியிருக்கிறேன், சிலவற்றை விட்டுவிட்டேன். இதே துறையில் இருப்பவர்களுக்கும், இப்படியொரு காலையைத் தினமும் கடக்கிற பெற்றோருக்கும் பயன்படலாம்.

பின்னணி

சிறுமிக்கு ஏழு வயது. இரண்டாம் வகுப்பு படிக்கிறாள். குழந்தை மருத்துவர் எழுதி அனுப்பிய சீட்டில் மூன்றே வரிகள் இருந்தன: அடிக்கடி தடுக்கி விழுகிறாள், எழுத்து மிகவும் மெதுவாக இருக்கிறது, காலையில் பள்ளிக்குக் கிளப்புவது பெரும் போராட்டமாக இருப்பதாகத் தாய் சொல்கிறார்.

நிறைமாதப் பிரசவம், சிக்கல் எதுவும் இல்லை. உட்கார்ந்தது, நடந்தது எல்லாம் கொஞ்சம் தாமதம்தான், ஆனால் யாரும் கவலைப்படும் அளவுக்கு இல்லை. பேச்சு மட்டும் வயதை மிஞ்சியது. மூன்று வயதிலேயே நீளமான கதைகள் சொல்வாளாம். இந்தப் பேச்சே பின்னால் அவளுக்கு எதிராகப் போனது. இவ்வளவு பேசுகிறவளுக்குப் பட்டன் போடத் தெரியாதா என்றுதான் எல்லோருக்கும் தோன்றியது.

வீட்டில் அம்மா, அப்பா, அப்பாவைப் பெற்ற பாட்டி, இரண்டு வயதுத் தம்பி. அப்பா விடிவதற்கு முன்பே வேலைக்குப் போய்விடுவார், மாலையில் வீட்டில் இருப்பார். அம்மாவும் வேலைக்குப் போகிறவர். காலை ஆறரைக்குக் குழந்தையை எழுப்பி எட்டு மணிக்கு வாசலைத் தாண்ட வேண்டும். அந்த ஒன்றரை மணி நேரம் முழுக்க அம்மா, பாட்டி இருவர் தலையில்தான்.

முதல் சந்திப்பு

அம்மா ஒரு பையோடு வந்தார். உள்ளே எடை வைத்துத் தைத்த ஒரு மேலங்கி, தோலைத் தேய்ப்பதற்கான மென்மையான பிரஷ், பிசைவதற்கான ரப்பர் களிமண். இணையத்தில் பார்த்து வாங்கியவை. எதை எப்போது செய்வது என்று தெரியாமல் எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சம் செய்து பார்த்து, எதுவும் ஒரு வாரத்தைத் தாண்டவில்லை.

“மேடம், அவளுக்கு முடியலைன்னு நான் நம்பவே மாட்டேன். லீவு நாள்ல அவளே சட்டையைப் போட்டுக்கிட்டு வந்து நிக்கிறா. ஸ்கூல் நாள்லதான் இந்த ஆட்டமெல்லாம்” என்றார்.

பாட்டிக்கு வேறு கணக்கு. “ரெண்டு நிமிஷத்துல நானே போட்டு விட்டுடுவேன். எதுக்கும்மா பச்சப் பிள்ளையைப் போட்டு வதைக்கணும்? வளர்ந்தா தானா வந்துடும்.”

இருவர் சொன்னதிலும் உண்மை இருந்தது. லீவு நாளில் முடிகிற ஒன்று பள்ளி நாளில் ஏன் முடியவில்லை என்பது நல்ல கேள்வி, அதைக் குறித்துக்கொண்டேன். பாட்டி போட்டுவிடுவதால்தான் இந்த வீடு எட்டு மணிக்காவது வாசலைத் தாண்டுகிறது என்பதையும் மறுக்க முடியாது. “குழந்தையே செய்யட்டும், நீங்கள் தலையிடாதீர்கள்” என்று அன்றைக்கே சொல்லி அனுப்பியிருந்தால் மறுநாள் பள்ளி வண்டி போயிருக்கும், அதோடு என் பேச்சின் மதிப்பும்.

தாய் கேட்டதும் மகள் கேட்டதும்

இலக்குகளை எடுப்பதற்கு சி.ஓ.பி.எம். என்ற நேர்காணல் முறையைப் பயன்படுத்தினேன். கனடாவில் உருவாகி 1991 முதல் புழக்கத்தில் இருப்பது. அன்றாட வேலைகளில் எதெல்லாம் கஷ்டம் என்று குடும்பமே சொல்லும். முக்கியமானவற்றைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றையும் இப்போது எப்படிச் செய்கிறாள், அதில் தங்களுக்கு எவ்வளவு திருப்தி என்று 1 முதல் 10 வரை புள்ளி போடுவார்கள். பிறகு அதே கேள்விகளைத் திரும்பக் கேட்கும்போது இரண்டு புள்ளியாவது ஏறியிருந்தால் அதை அர்த்தமுள்ள மாற்றமாக எடுத்துக்கொள்வது வழக்கம்.

அம்மாவின் பட்டியலில் எழுத்துதான் முதலிடம். அடுத்தது நேரத்துக்குக் கிளம்புவது, உடை அணிவது, பல் துலக்குவது, தலை வாருவது. உடை அணிவதற்குச் செயல்பாட்டில் 2, திருப்தியில் 1 போட்டார். நேரத்துக்குக் கிளம்புவதற்கும் அதேதான். பல் துலக்குவதற்கு இரண்டிலும் 3.

சிறுமியிடம் படங்களை வைத்துப் பேசினேன். ஐந்து முதல் ஒன்பது வயதுக் குழந்தைகளுக்கென்றே பெக்ஸ் என்று ஒரு கருவி உண்டு. ஒரே வேலையைச் சுலபமாகச் செய்கிற குழந்தையின் படமும் திணறுகிற குழந்தையின் படமும் ஜோடியாக இருக்கும். “நீ யார் மாதிரி?” என்று கேட்டால் போதும். எழுதும் படத்தை அவள் சாதாரணமாகத் தள்ளிவிட்டாள். ஷூ லேஸ் படத்தில் நின்றாள். அப்புறம் சாப்பாட்டு டப்பா படத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

“டப்பா திறக்க வரலைன்னா மிஸ்ஸைக் கூப்பிடணும். மிஸ் வர்றதுக்குள்ள மணி அடிச்சிடும்.”

அம்மா திரும்பிப் பார்த்தார். டப்பா பல நாள் அப்படியே திரும்பி வருவதைச் சாப்பிட அடம்பிடிப்பதாகவே வீட்டில் நினைத்திருந்தார்கள். அதற்காகத் திட்டும் வாங்கியிருக்கிறாள்.

காலையைப் பார்த்தது

வகுப்பறை மேசையும் சிகிச்சை அறை மேசையும் காலை நேரத்தைக் காட்டாது. நான் நேரில் போய் நின்றாலும் அது வழக்கமான காலையாக இருக்காது. அதனால் அலமாரி மேல் போனை நிறுத்திவைத்துப் பதிவு செய்து அனுப்பச் சொன்னேன். குளியலறைக்குள் போன் போகக் கூடாது, என்னைத் தவிர யாரும் பார்க்கக் கூடாது, பார்த்து முடித்ததும் அழித்துவிட வேண்டும் என்று முதலிலேயே பேசிக்கொண்டோம். உள்ளாடை வரை குளியலறையிலேயே போட்டுவிட்ட பிறகே பதிவு தொடங்கும்.

பதிவில் முதலில் கண்ணில் பட்டது சாக்ஸ். கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருக்கிறாள். கால் தரையைத் தொடவில்லை. ஒரு காலைத் தூக்கியதும் உடம்பு பக்கவாட்டில் சாய்கிறது. விழாமல் இருக்க இடது கையால் மெத்தையைப் பிடித்துக்கொள்கிறாள். சாக்ஸை விரித்துப் பிடிக்க இரண்டு கை வேண்டும், மிச்சமிருப்பது ஒன்று. விரல் நுனியில் சாக்ஸ் மாட்டிக்கொள்கிறது, இழுக்கிறாள், குதிகால் பகுதி மேலே வந்துவிடுகிறது. கழற்றி எறிகிறாள். பார்ப்பவர்களுக்கு அடம்போல் தெரிகிற அந்த எறிதலுக்கு முன்னால் நடந்த எல்லாமே சமநிலைப் பிரச்சினை.

வாஷ் பேசினில் முகம் கழுவும்போதும் அதே கதை. உயரம் எட்டாமல் நுனிக்காலில் நின்று ஒரு கையால் பேசினைப் பிடித்துக்கொள்கிறாள். பல் துலக்கும்போதும் அப்படித்தான் நிற்பாளாம். பற்பசையின் காரமும் நுரையும் தாங்காமல் குமட்டுவாள் என்று அம்மா சொன்னார்.

சட்டையில் மேல் பட்டனிலிருந்து தொடங்குகிறாள். எல்லோரும் அப்படித்தான் செய்கிறோம், ஆனால் தாடைக்குக் கீழே இருக்கும் அந்தப் பட்டனை அவளால் பார்க்க முடியாது. பார்க்காமல் விரலை மட்டும் நம்பிச் செய்வதுதான் இந்தக் குழந்தைக்குக் கடினம். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து பிடிக்க வேண்டிய இடத்தில் மொத்தக் கையாலும் துணியை அள்ளுகிறாள். பட்டன் காஜாவுக்குள் பாதி நுழைந்து, கையை மாற்றும் நொடியில் திரும்பி வந்துவிடுகிறது. இதற்கு நடுவே அம்மா சமையலறையிலிருந்து “நோட்டை எடுத்து வச்சியா?” என்கிறார். பாட்டி “பாலைக் குடிச்சியா?” என்கிறார். தம்பி அவள் ஷூவைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறான். ஒவ்வொரு குரலுக்கும் அவள் கை நின்றுவிடுகிறது. பதில் சொல்லிவிட்டு மறுபடி முதலிலிருந்து காஜாவைத் தேடுகிறாள். மூன்றாவது முறை நிற்கும்போது பாட்டி வந்து போட்டுவிடுகிறார்.

லீவு நாள் புதிருக்கும் விடை இதுதான். அன்றைக்கு யாரும் பேச்சுக் கொடுப்பதில்லை. போடுவதும் பட்டன் குறைந்த தளர்வான சட்டை. கட்டிலுக்குப் பதில் தரையில் உட்கார்ந்து போட்டுக்கொள்கிறாள்.

தூக்கத்தையும் விசாரித்தேன். அப்பா வீட்டில் இருக்கும் நேரம் என்பதால் இரவு விளையாட்டு நீண்டு பத்தரை மணி ஆகிவிடும். ஆறு முதல் பன்னிரண்டு வயதுக் குழந்தைகளுக்கு ஒரு நாளில் 9 முதல் 12 மணி நேரத் தூக்கம் தேவை என்று அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகம் 2016-இல் பரிந்துரைத்தது. இவளுக்குக் கிடைப்பது எட்டு.

சோதனைகளும் பெயரும்

மூவ்மென்ட் ஏபிசி-2 சோதனையில் கை நுணுக்கம், பந்தைப் பிடித்தல் எறிதல், சமநிலை மூன்றையும் பார்ப்போம். மொத்தக் கணக்கில் 5-வது பெர்சென்டைலுக்குக் கீழே வந்தாள். அவள் வயதுக் குழந்தைகள் நூறு பேரை வரிசையில் நிறுத்தினால் கடைசி ஐந்து பேருக்குள் வருவாள் என்று வைத்துக்கொள்ளலாம். பெற்றோர் நிரப்பிய கேள்வித்தாளும் அதையே சொன்னது. கண், காது, நரம்பு எல்லாவற்றையும் பார்த்துவிட்டுக் குழந்தை மருத்துவர் டி.சி.டி. என்று உறுதிசெய்தார். வளர்ச்சிசார் ஒருங்கிணைப்புக் குறைபாடு என்று எழுதுவார்கள்; உடல் அசைவுகளைக் கற்பதும் ஒழுங்காகச் செய்வதும் வயதுக்கு மீறிக் கடினமாக இருக்கும் நிலை. டிஸ்பிராக்சியா என்ற பெயரும் புழக்கத்தில் உண்டு. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013-இல் வெளியிட்ட டி.எஸ்.எம்.-5 என்ற நோயறிதல் கையேட்டின்படி ஐந்து முதல் பதினொரு வயதுக் குழந்தைகளில் நூற்றுக்கு ஐந்து, ஆறு பேருக்கு இது இருக்கிறது. அபூர்வமான ஒன்று கிடையாது. வகுப்புக்கு ஒருவராவது இருக்கக்கூடும், பெரும்பாலும் சோம்பேறி, கவனமில்லாதவன் என்ற பட்டத்தோடு.

பெயர் வைத்ததில் உடனடியாக நடந்த நல்லது ஒன்று. அம்மா அதன் பிறகு “ஆட்டம்” என்று சொல்வதை விட்டுவிட்டார். பாட்டி மட்டும் கடைசிவரை அந்தப் பெயரை ஒப்புக்கொள்ளவில்லை. அவர் ஒப்புக்கொள்ளாமலேயே செய்த உதவி பெரிது, அது பின்னால் வரும்.

முடிவுகளும் காரணங்களும்

மூன்று வேலைகளை மட்டும் எடுத்துக்கொண்டோம்: சட்டையும் சாக்ஸும், பல் துலக்குவது, டப்பாவும் லேஸும். கடைசியது அவளுடைய தேர்வு. எழுத்தை ஒத்திவைத்தோம். அம்மாவுக்கு இது பிடிக்கவில்லை, வெளிப்படையாகவே சொன்னார். ஆனால் தினமும் அழுது களைத்து வகுப்புக்குப் போகிற குழந்தைக்கு மாலையில் எழுத்துப் பயிற்சியையும் ஏற்றினால் காலை, மாலை இரண்டும் கெட்டுவிடும். அம்மாவிடமும் அதற்கான நேரமோ தெம்போ இல்லை. வீட்டுப் பயிற்சித் தாளைக் கொடுத்துவிட்டு, “ஏன் செய்யவில்லை?” என்று அடுத்த முறை கேட்கிற வழக்கம் எங்கள் துறையில் இருக்கிறது. அந்தத் தாளைச் செய்து முடிக்க ஒரு தாய் தன் நாளில் எதை விட வேண்டியிருக்கும் என்று கணக்குப் பார்க்காமல் கொடுக்கப்படும் பயிற்சிக்குப் பெரிய மதிப்பு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. இந்தத் திட்டத்தில் நான் வைத்துக்கொண்ட நிபந்தனை ஒன்று: அம்மாவின் காலையில் புதிதாக எந்த வேலையும் சேரக் கூடாது.

பையிலிருந்த பொருட்களைப் பற்றியும் முடிவு சொல்ல வேண்டியிருந்தது. மேலங்கியும் தோல் பிரஷும் உணர்வு ஒருங்கிணைப்பு என்ற சிந்தனையைச் சார்ந்தவை. தொடுதல், சத்தம், அசைவு போன்ற புலன் உணர்வுகளை மூளை எப்படி ஒழுங்குபடுத்துகிறது என்று பார்க்கும் அந்தச் சிந்தனையை அமெரிக்க ஓ.டி. நிபுணர் ஜீன் ஏயர்ஸ் உருவாக்கினார். 1970-களில் அது பரவியது. சத்தமும் தொடுதலும் ஒரு குழந்தையின் நாளை எப்படிக் குலைக்கும் என்று பார்க்கக் கற்றுக்கொடுத்தது அந்தச் சிந்தனைதான், அதில் சந்தேகமில்லை. ஆனால் உணர்வு சார்ந்த சிகிச்சைகளுக்கான ஆதாரம் குறைவாகவும் தெளிவற்றும் இருப்பதை அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமி 2012-இல் சுட்டிக்காட்டியது. டி.சி.டி. குழந்தைகளுக்கு அவர்கள் கற்க வேண்டிய வேலையையே நேரடியாகப் பயிற்றுவிக்கும் முறைகளை 2019-இல் வந்த பன்னாட்டுப் பரிந்துரைகள் முன்வைக்கின்றன. அதனால் மேலங்கியையும் தோல் பிரஷையும் எடுத்துவைக்கச் சொன்னேன். ரப்பர் களிமண் தம்பிக்குப் போனது. விரலுக்கு வலு ஏற்றிவிட்டால் பட்டன் தானாக வரும் என்று நம்ப இந்தக் குழந்தையிடம் காரணம் எதுவும் இல்லை. பிடியின் வலு சரியாகவே இருந்தது, கையை மாற்றும் ஒழுங்குதான் வரவில்லை.

சூழலில் செய்த மாற்றங்கள் சின்னவை. பேசினுக்கு முன்னால் அகலமான, வழுக்காத ஸ்டூல். சாக்ஸ் போடுவது இனிமேல் தரையில், சுவரில் முதுகு சாய்த்து. பற்பசையை ஃபுளோரைடு உள்ள, நுரை குறைந்த, காரமில்லாத ஒன்றாக மாற்றினோம். சீருடைச் சட்டை ஒரு அளவு பெரிதானது; துணிக்கும் பட்டனுக்கும் நடுவே நூல் கொஞ்சம் நீளமாக நிற்கும்படி பட்டன்களைத் திரும்பத் தைக்கச் சொன்னோம். பள்ளிக்கு வெல்க்ரோ ஷூ, லேஸ் கற்பது லீவு நாளில்.

சிக்கெடுப்பதும் பையை அடுக்குவதும் இரவுக்குப் போயின. இரண்டையும் அப்பா ஏற்றுக்கொண்டார். விளையாட்டு நேரத்தின் கடைசிப் பகுதியாக அதை வைத்து, படுக்கை நேரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஒன்பதரைக்கு இழுத்தார்கள். அதற்கு முன்னால் வர வீட்டில் யாராலும் முடியவில்லை, நானும் வற்புறுத்தவில்லை.

பாட்டியிடம் நான் கேட்டது ஒன்றே ஒன்று. “எல்லா பட்டனையும் நீங்களே போடுங்க பாட்டி. கடைசி ஒண்ணை மட்டும் பாதி நுழைச்சு விட்டுடுங்க, அவ இழுத்துக்குவா.” வேலையின் கடைசிப் படியை முதலில் கற்றுக்கொடுத்துப் பின்னோக்கி நகரும் முறை இது. முடித்த திருப்தி ஒவ்வொரு முறையும் குழந்தைக்குக் கிடைக்கும், நேரமும் போகாது. பாட்டிக்கும் தன் வேலையைப் பிடுங்கிக்கொண்டதாகத் தோன்றாது.

உடை அணியும் அந்தப் பத்து நிமிடம் வீட்டில் யாரும் அவளிடம் எதுவும் கேட்பதில்லை என்பது கடைசி ஏற்பாடு. இதை நான் சொல்லவில்லை. “எந்தக் காலை பரவாயில்லாமல் இருந்தது, அன்றைக்கு என்ன வித்தியாசம்?” என்று கேட்டுக்கொண்டே போனபோது அம்மாவே கண்டுபிடித்தார். அவரே கண்டுபிடித்ததால்தான் அது நிலைத்தது என்று நினைக்கிறேன்.

முதல் வாரங்கள்

ஸ்டூலும் தரையும் முதல் வாரத்திலேயே பலன் தந்தன. இரண்டு கையும் கிடைத்ததும் சாக்ஸ் போட வந்துவிட்டது, குதிகால் திரும்பிக்கொள்வது மட்டும் நீடித்தது. குதிகால் பகுதி வேறு நிறத்தில் இருக்கும் சாக்ஸ் வாங்கியதும் அதுவும் குறைந்தது. பல் துலக்கும்போது குமட்டல் நின்றது.

படிப்படியாகச் செய்ய வேண்டியதைக் காட்டும் படத் தாளைச் சுவரில் ஒட்டியிருந்தோம். அது எடுபடவில்லை. அவள் படங்களைப் பார்த்துக் கதை சொல்லத் தொடங்கிவிடுவாள். மிச்சத்தைத் தம்பி கிழித்தான். அதை எடுத்துவிட்டு, உடைகளைப் போட வேண்டிய வரிசையில் இடமிருந்து வலமாகத் தரையில் அடுக்கிவைக்கச் சொன்னோம். முந்தின இரவு அப்பாவும் அவளும் சேர்ந்து அடுக்குவார்கள். எது அடுத்தது என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

பட்டனும் லேஸும்

சிகிச்சை அறையில் நேரடியாகச் செய்ததெல்லாம் இந்த இரண்டும் டப்பாவும்தான். கனடாவில் ஹெலன் பொலடாய்கோவும் சக ஆய்வாளர்களும் உருவாக்கிய கோ-ஆப் முறையைப் பின்பற்றினேன். இலக்கு, திட்டம், செய், சரிபார் என்று நான்கு சொற்கள். எப்படிச் செய்வது என்று தெரபிஸ்ட் சொல்லிக்கொடுப்பதில்லை. குழந்தையே திட்டம் போடும்படி கேள்வி கேட்பார். பேச்சில் கெட்டிக்காரியான இவளுக்கு இது பொருந்தும் என்று நினைத்தேன்.

அவள் போட்ட முதல் திட்டம், “வேகமாப் போடணும்.” செய்து பார்த்தாள், வரவில்லை.

“என்ன ஆச்சு?”

“பட்டன் ஓடிப்போயிடுது.”

“எப்ப ஓடுது? பார்த்துச் சொல்லு.”

மெதுவாகச் செய்து பார்த்தாள். “பாதி போயிட்டு, நான் விட்டதும் திரும்பி வந்துடுது.”

“அப்ப என்ன பண்ணலாம்?”

கொஞ்ச நேரம் காஜாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். “விடுறதுக்கு முன்னாடி இந்தக் கை பிடிச்சுக்கணும்.”

அதற்கு அவள் வைத்த பெயர் “பிடி, மாத்து.” வீட்டிலும் அதைச் சொல்லிக்கொண்டே போட்டாள். கீழ்ப் பட்டனிலிருந்து தொடங்குவது என்பதும் அவள் திட்டத்திலேயே வந்தது, “இது கண்ணுக்குத் தெரியுது” என்று. பாட்டி விட்டுவைத்த கடைசிப் பட்டன் மெல்ல மெல்ல இரண்டாகி மூன்றானது. ஒரு நாள் பாட்டியின் கையைத் தட்டிவிட்டாளாம். கழுத்துப் பட்டன் மட்டும் இன்றுவரை பாட்டியுடையது.

லேஸ் மெதுவாக வந்தது. இரண்டு பக்கமும் வேறு வேறு நிற லேஸ், ஷூ மடியில், இரண்டு வளையம் போட்டுக் கட்டும் முறை. மடியில் கட்ட வந்தபோது காலில் வரவில்லை. காலுக்கு மாற்றியதும் ஏறக்குறைய முதலிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. டி.சி.டி. குழந்தைகளிடம் இதை எதிர்பார்க்கலாம். ஒரு நிலையில் கற்றது இன்னொரு நிலைக்குத் தானாகப் போகாது. டப்பாவுக்குத் திட்டமெல்லாம் தேவைப்படவில்லை. நான்கு பக்கமும் அழுத்தித் திறக்க வேண்டிய பெட்டிக்குப் பதில் ஒரே கொக்கி உள்ளது வாங்கியதோடு முடிந்தது.

பாட்டி ஊருக்குப் போனபோது

திட்டம் தொடங்கிய இரண்டாவது மாதத்தில் பாட்டி சில வாரம் மகள் வீட்டுக்குப் போனார். அதே சமயம் தம்பிக்குக் காய்ச்சல். அம்மா போனில் அழுதார்: பட்டனுக்குக் காத்திருக்க முடியவில்லை, இவரே போட்டுவிடுகிறார், எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்று பயம்.

பட்டனை முழுக்க விட்டுவிடச் சொன்னேன். பாட்டி வரும்வரை அம்மாவே சட்டையைப் போட்டுவிடட்டும், சாக்ஸும் வெல்க்ரோ ஷூவும் மட்டும் அவளுடையவை. அந்த வாரங்களில் காப்பாற்ற வேண்டியிருந்தது அம்மாவின் பொறுமையைத்தான். அது போனால் மற்ற எதுவும் மிஞ்சாது. பாட்டி திரும்பி வந்ததும் பட்டன் வேலை விட்ட இடத்திலிருந்து கொஞ்சம் பின்னால் தொடங்கியது, சீக்கிரமே பழைய இடத்துக்கு வந்தது.

என்ன மாறியது, என்ன மாறவில்லை

ஏறக்குறைய ஐந்து மாதம் கழித்து அதே கேள்விகளை அம்மாவிடம் திரும்பக் கேட்டேன். உடை அணிவதில் செயல்பாடு 2-லிருந்து 6, திருப்தி 1-லிருந்து 7. பல் துலக்குவது இரண்டிலும் 7. நேரத்துக்குக் கிளம்புவது செயல்பாட்டில் 5, திருப்தியில் 6. அவளுக்கு இன்னும் நேரம் ஆகிறது, ஆனால் சண்டை இல்லை என்பதால் திருப்திப் புள்ளி மேலே இருக்கிறது என்று அம்மா விளக்கினார். தலை வாரும்போது அழுகை தொடர்கிறது, இரவில் சிக்கெடுத்தும் கூட. எழுத்து இருந்த இடத்திலேயே இருக்கிறது, ஏனென்றால் அதை யாரும் தொடவில்லை.

சிறுமி லேஸ் படத்தில் இந்த முறை திணறுகிற குழந்தையையே காட்டினாள். “ஆனா கொஞ்சம்தான்” என்றாள். டப்பா படத்தை எடுக்கவே இல்லை.

மூவ்மென்ட் ஏபிசி-2-ஐயும் திரும்பச் செய்தேன். மொத்தக் கணக்கு இன்னும் 5-வது பெர்சென்டைலுக்குக் கீழேதான். எனக்கு இதில் ஆச்சரியமில்லை. அவள் உடல் அசைவைக் கற்கும் விதம் மாறவில்லை, மாற்றுவதாக நாங்கள் சொல்லவும் இல்லை. பெற்றோருக்கு முதலில் ஏமாற்றம். புள்ளி ஏறாமலேயே காலை மாறியிருப்பதை என் குறிப்புகளை வைத்துப் பேசினோம். ஒரு குழந்தையின் சிகிச்சை பலித்ததா என்பதை இந்த எண்ணை மட்டும் வைத்து முடிவு செய்கிற இடங்கள் இருக்கின்றன. அங்கே இந்தக் குடும்பம் தோல்விக் கணக்கில் போயிருக்கும்.

அடுத்த முறை மாற்றுவது

பள்ளியோடு பேசுவதை முன்னால் கொண்டுவருவேன். இங்கே இரண்டாம் மாதத்துக்குப் பிறகுதான் வகுப்பு ஆசிரியையிடம் பேச முடிந்தது. பேசியதும், பலகையிலிருந்து பார்த்து எழுதும் அளவைப் பாதியாகக் குறைத்து, மிச்சத்தை வாயால் சொல்ல விட்டார். எழுத்தை ஒத்திவைத்ததில் அம்மாவுக்கு இருந்த கவலை அன்றைக்கே பாதி இறங்கியது. இது முதல் வாரத்திலேயே நடந்திருக்கக்கூடியது.

குழந்தையைத் தனியாகச் சந்திப்பதைப் பெற்றோர் நேர்காணலுக்கு முன்னால் வைப்பேன். டப்பா விஷயம் தாமதமாகத் தெரிந்ததற்கு வரிசைதான் காரணம்.

கஷ்டமான வாரத்துக்கான குறைந்தபட்சத் திட்டத்தைத் தொடக்கத்திலேயே எழுதிக் கொடுப்பேன். வீட்டில் ஒருவருக்கு உடம்பு சரியில்லாமல் போவதும் ஒருவர் ஊருக்குப் போவதும் எந்தக் குடும்பத்திலும் நடக்கும். எதை முதலில் கைவிடலாம், எதை விடக் கூடாது என்று முன்பே தெரிந்திருந்தால் அந்தப் போன் அழைப்பு அழுகையோடு வந்திருக்காது. இப்போது எல்லாக் குடும்பத்துக்கும் ஒரு வரியாவது அப்படி எழுதிக் கொடுக்கிறேன்.

தற்போதைய நிலை

வாராந்திர சந்திப்பை நிறுத்திவிட்டோம். பள்ளிக்கு ஒரு பக்கக் குறிப்பு போயிருக்கிறது: டி.சி.டி. என்றால் என்ன, எழுதக் கூடுதல் நேரம் ஏன் வேண்டும், விளையாட்டு வகுப்பில் ஆளைத் தேர்ந்தெடுக்கும் முறையை எப்படி மாற்றலாம் என்று. எழுத்துக்கான தனி மதிப்பீடு அடுத்த வகுப்பு தொடங்கியதும் நடக்கும். கையெழுத்தை மேம்படுத்துவதா, விசைப்பலகையைச் சீக்கிரம் அறிமுகப்படுத்துவதா என்பதை அப்போது பெற்றோரும் ஆசிரியையும் அவளும் சேர்ந்து முடிவு செய்வார்கள். தலை வாருவதற்கு அம்மா ஒரு வழி யோசித்திருக்கிறார்: முடியைக் குட்டையாக வெட்டிவிடுவது. பாட்டி சம்மதிக்கவில்லை, பேச்சுவார்த்தை நடக்கிறது.